அப்பாவின் மாத்திரையும் மணியின் முழங்காலும்

நாய்க்குக் கால் வலி என்றால் என்ன மருந்து கொடுக்கலாம்? இந்தக் கேள்வியை நம் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். “நமக்கு என்ன மருந்தோ அதுதான் அதுக்கும். சின்ன உடம்பு, பாதியா ஒடச்சுக் கொடுத்தா போதும்” என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வரை எங்கள் வீட்டிலும் அதே பதில்தான். அந்தப் பதிலால் எங்கள் மணி ஏறக்குறையச் செத்துப் பிழைத்தான். அன்று நான் தெரிந்துகொண்டவற்றையும் அதன் பின் தேடிப் படித்தவற்றையும் வாசக நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மணி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து நாய். ரப்பர் போய் செம்பனை வந்து, லயத்து வீடுகளும் காலியான பிறகு, பாட்டியோடு ஈப்போவில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவன். 14 கிலோ எடை. ஒரு நாள் பின்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நின்றான். எங்கோ குதித்ததில் சுளுக்கு என்று நினைத்துக் கோடாலித் தைலம் தேய்த்தோம். (இதுவும் தவறு. அந்தத் தைலத்தில் உள்ள மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினின் உறவுக்காரப் பொருள். நாய் அதை நக்கி விழுங்கிவிடும்.) மூன்று வாரம் கழித்துக் கிளினிக்குக்குக் கொண்டு போனபோது, முழங்காலுக்குள் இருக்கும் நார் அறுந்துவிட்டது, அறுவைச் சிகிச்சை தேவை என்றார் மருத்துவர்.

பந்து விளையாட்டு பார்ப்பவர்களுக்கு இந்த நாரைத் தெரிந்திருக்கும். ஓர் ஆட்டக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்து, ஒன்பது மாதம் ஆடமாட்டார் என்று செய்தி வருமே, அதே நார்தான். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் இரண்டு நார்கள் மூட்டுக்குள்ளே ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்வதால் சிலுவை நார் என்று பெயர். முன்னால் இருப்பது அறுந்தால், காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவும்.

ஆனால், ஆட்டக்காரருக்கும் நாய்க்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மனிதருக்கு அது பெரும்பாலும் ஒரே நொடியில் அறுகிறது. நாய்க்கோ கயிறு இற்றுப்போவது போல மாதக்கணக்கில் உள்ளேயே நைந்து, ஒரு சாதாரண நாளில், ஒரு சாதாரண படியில் இறங்கும்போது அறுகிறது. நாய் எப்போதும் முழங்காலை மடித்தே நிற்கிற பிராணி. அதன் கீழ்க்கால் எலும்பின் மேல்தளமும் மனிதருடையதைப் போல ஏறக்குறைய மட்டமாக இல்லாமல் நன்றாகச் சரிந்திருக்கிறது. எனவே, சும்மா நின்றாலே அந்த நாருக்கு வேலைதான். ஒரு காலில் அறுந்த நாய்களில் கணிசமானவற்றுக்குப் பின்னர் மறுகாலிலும் அறுவதற்குக் காரணம் இதுவே.

அறுவைச் சிகிச்சையில் பல முறைகள் உண்டு. அமெரிக்க மருத்துவர் பார்க்ளே ஸ்லோகம் 1990களில் அறிமுகப்படுத்திய முறையில், கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதியை வளைவாக அறுத்துத் திருப்பி, சரிவைக் குறைத்து, உலோகத் தகடு வைத்து முடுக்குகிறார்கள். பெரிய நாய்களுக்கு இன்று அதிகம் செய்யப்படுவது அதுதான். மணி சிறியவன் என்பதால், மூட்டுக்கு வெளியே தடித்த நைலான் இழையைக் கட்டும் பழைய முறை போதும் என்றார் மருத்துவர். எங்கள் பணப்பைக்கும் அது போதுமானதாக இருந்தது.

வீட்டுக்கு வரும்போது ஒரு சிறிய பாட்டிலும் ஊசியில்லாத ஓர் ஊசிக்குழலும் கொடுத்தார்கள். பாட்டிலில் மெலோக்சிகாம் என்ற வலிமருந்து. ஒரு நாளைக்கு ஒரு முறை, சாப்பாட்டோடு. ஊசிக்குழலில் மருந்தின் அளவுக்குப் பதிலாக நாயின் எடைதான் கோடு போட்டிருந்தது; 14 என்ற கோடு வரை இழுத்தால் சரி.

இரண்டாம் நாள் இரவு மணி முனகினான். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. அப்பாவுக்கே முழங்கால் வலி உண்டு. பையனாக இருந்தபோது தாத்தாவோடு நெற்றி விளக்கு கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனவர். இத்தனை துளி மருந்து என்ன கேட்கும் என்று நினைத்துத் தம் வலி மாத்திரை ஒன்றை வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தார். மறுநாள் காலையும் ஒன்று. அது 50 மில்லிகிராம் டைக்ளோஃபெனாக். அதற்கடுத்த நாள் மணி சாப்பிடவில்லை. மாலையில் காப்பித் தூள் போல வாந்தி எடுத்தான். மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுத்தது. கிளினிக்கில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “காசி ஊபாட் ஆப்பா?” என்பதுதான். என்ன மருந்து கொடுத்தீர்கள்? அப்பா சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். வாயைத் திறக்கவில்லை.

வலியைக் குறைக்கும் மருந்து வயிற்றை ஏன் புண்ணாக்குகிறது? இதைப் புரிந்துகொள்ள, வலி எப்படி உண்டாகிறது என்று பார்க்க வேண்டும். உடலில் ஓரிடத்தில் காயம் பட்டால், அங்குள்ள செல்களின் சவ்விலிருந்து ஒரு கொழுப்பு அமிலம் விடுபடுகிறது. காக்ஸ் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு நொதி அதைப் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்களாக மாற்றுகிறது. இவை இரத்தக் குழாய்களை விரிக்கின்றன. அதனால் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்குகிறது. இதையே அழற்சி என்கிறோம். அதோடு நரம்பு முனைகளையும் கூச்சமுள்ளவையாக ஆக்கிவிடுகின்றன. சாதாரணமாகத் தொட்டால் தெரியாத இடம், அப்போது லேசாக அசைந்தாலே வலிக்கும். ஆஸ்பிரின் முதல் டைக்ளோஃபெனாக் வரை உள்ள மருந்துகள் அனைத்தும் செய்வது ஒன்றுதான்: காக்ஸ் நொதியின் கையைக் கட்டிவிடுகின்றன. ஆஸ்பிரின் 1899-இலேயே கடைக்கு வந்துவிட்டது. ஆயினும், அது எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கிலாந்தின் ஜான் வேன் 1971-இல்தான் கண்டுபிடித்தார். அதற்காக 1982-இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். எழுபது ஆண்டுகளுக்கு மேல் உலகமே காரணம் தெரியாமல் விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரை அது!

இதில் ஒரு சிக்கல் உண்டு. புரோஸ்டாகிளாண்டின் வலியை மட்டும் உண்டாக்கும் பொருள் அன்று. இரைப்பையின் உட்சுவரைச் சளிப்படலத்தால் மூடி, அதன் சொந்த அமிலமே அதை அரிக்காமல் காப்பதும் அதுவே. உடலில் நீர் வற்றும்போதோ மயக்க மருந்தால் இரத்த அழுத்தம் இறங்கும்போதோ சிறுநீரகத்துக்குப் போகும் குழாயைத் திறந்து வைத்திருப்பதும் அதுவே. காக்ஸ் நொதியில் இரண்டு வகை இருப்பது 1990களின் தொடக்கத்தில் தெரிய வந்தது. முதல் வகை பெரும்பாலும் இந்த அன்றாடக் காவல் வேலைகளைப் பார்க்கிறது. இரண்டாம் வகை பெரும்பாலும் காயம் பட்ட இடத்தில் பெருகுகிறது. “பெரும்பாலும்” என்று நான் இருமுறை எழுதியது வேண்டுமென்றேதான். இந்தப் பிரிவினை அவ்வளவு துப்புரவானது அன்று. சிறுநீரகத்தில் இரண்டுமே வேலை செய்கின்றன. எனினும், இரண்டாம் வகையை அதிகமாகவும் முதல் வகையைக் குறைவாகவும் தடுக்கும் மருந்து வயிற்றுக்குச் சற்று இதமானது என்ற அளவில் அந்தக் கண்டுபிடிப்பு பயன்பட்டது. நாய்களுக்கென்று வந்த கார்ப்ரோஃபென், ஃபிரோகாக்சிப், ரோபெனகாக்சிப், மணிக்குக் கொடுத்த மெலோக்சிகாம் ஆகியவை இந்த வழியில் வந்தவை.

மணியின் வயிற்றில் நடந்தது இப்போது விளங்கும். மெலோக்சிகாம் ஏற்கெனவே நொதியைத் தடுத்துக்கொண்டிருந்தது. அதன்மேல் டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்தது. இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை என்பதால் வலி இரண்டு மடங்கு குறையவில்லை. வயிற்றின் காவல்தான் முற்றாக நீங்கியது. இவ்வகை மருந்துகளில் ஒன்றோடு மற்றொன்றையும், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளோடு இவற்றையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்பது கால்நடை மருத்துவத்தின் கண்டிப்பான விதி. ஒன்றை நிறுத்தி மற்றொன்றுக்கு மாறுவதாக இருந்தாலும் நடுவே சில நாள் இடைவெளி விடுவார்கள். தோல் அரிப்புக்காக முன்பு வாங்கிய ஸ்டீராய்டு மாத்திரை வீட்டில் மிச்சம் இருந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

“சரி, ரெண்டையும் சேர்த்துக் கொடுத்ததுதான் தப்பு. மனுசர் மருந்தையே தனியா, பாதியா ஒடச்சுக் கொடுத்தா?” என்று பாட்டி கேட்டார். நியாயமான கேள்வி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் கொடுத்த மாத்திரையை மிச்சம் பிடித்து ஆட்டுக்கும் நாய்க்கும் கொடுத்துப் பழகியவர் அவர். அருகில் கால்நடை மருத்துவர் என்று ஒருவரும் இல்லாத காலத்தில், கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால், பதில் “கூடாது” என்பதுதான். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது வெறும் கணக்கு. நாய்க்கு மெலோக்சிகாம் முதல் நாள் ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம், மறுநாள் முதல் 0.1 மில்லிகிராம். மணிக்கு ஒரு நாளைக்கு 1.4 மில்லிகிராம் வருகிறது. இதே மருந்து மனிதருக்கும் உண்டு, மாத்திரை 7.5 அல்லது 15 மில்லிகிராம். பெரிய மாத்திரை ஒன்று மணிக்குப் பத்து நாளைக்கு மேலான மருந்து. பாதியாக உடைத்தாலும் ஐந்து நாள் மருந்து ஒரே வாயில் போகும். கையால் உடைத்துத் திருத்தக்கூடிய வேறுபாடா இது?

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. உடல் சிறியது என்பதோடு, அது வேறு உடலும்கூட. மருந்து உள்ளே போனால் அதை உடைத்து வெளியே தள்ளுவது கல்லீரலும் சிறுநீரகமும். இந்த வேலையைச் செய்யும் நொதிகள் உயிரினத்துக்கு உயிரினம் மாறுபடுகின்றன. நப்ரோக்சென் என்ற மூட்டுவலி மாத்திரையை எடுத்துக்கொள்வோம். மனித உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய 12 முதல் 17 மணி நேரம் ஆகும். நாயின் உடலில் அதற்கு இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். கல்லீரல் பித்தத்தோடு சேர்த்துக் குடலில் தள்ளிய மருந்தை, நாயின் குடல் மறுபடியும் உறிஞ்சிக்கொள்கிறது. வாசலில் கொட்டிய குப்பை திரும்பத் திரும்ப வீட்டுக்குள் வருவது போல. தினமும் ஒன்று கொடுத்தால் முந்தைய நாள் மருந்தின் மேலேயே அடுத்தது ஏறிக்கொண்டிருக்கும். ஐபுபுரோஃபென் மனிதக் குழந்தைகளுக்கே கொடுக்கப்படும் மருந்து. நாய்க்கோ, கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற சிறிய அளவைத் தொடர்ந்து கொடுத்தாலே இரைப்பையில் புண் வரலாம். நம் நாட்டில் பல்வலிக்கும் மாதவிடாய் வலிக்கும் பலர் வாங்கும் மெஃபெனாமிக் அமிலம் அளவு மீறினால் நாய்க்கு வலிப்பையே உண்டாக்கும்.

பனடோல்? மளிகைக் கடையிலும் கிடைக்கிற பாரசிட்டமால் வயிற்றைப் புண்ணாக்காதே என்று கேட்கலாம். நாய்க்கு அது அளவு மீறினால் கல்லீரலைத் தாக்கும். பூனைக்கோ அது நஞ்சேதான். பாரசிட்டமாலைப் பாதுகாப்பாக மாற்றி வெளியேற்றும் நொதி பூனையிடம் மிகக் குறைவு. கிலோவுக்கு 10 மில்லிகிராம் அளவிலேயே பூனைகள் பாதிக்கப்பட்டதுண்டு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, 4 கிலோ பூனைக்குக் கிலோவுக்கு 125 மில்லிகிராம் என்று ஆகிறது. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து, ஈறுகள் பழுப்பாகிப் பூனை மூச்சுத் திணறிச் சாகும். பூனை வளர்க்கும் நண்பர்கள் இந்த ஒரு வரியையாவது நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

நஞ்சாவது மட்டுமன்று, சில நேரங்களில் மருந்து ஒன்றுமே செய்யாமலும் போகலாம். டிரமடால் மனிதருக்கு வலுவான வலி மருந்து. ஆனால், அது கல்லீரலில் வேறொரு பொருளாக மாறிய பிறகே நன்றாக வலியைக் குறைக்கிறது. நாயின் கல்லீரல் அந்தப் பொருளை மிகக் குறைவாகவே உண்டாக்குகிறது. மூட்டுத் தேய்வுள்ள நாய்களுக்குப் பத்து நாள் டிரமடால் கொடுத்து, அவை காலை எவ்வளவு விசையோடு ஊன்றுகின்றன என்று கருவியில் அளந்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. டிரமடாலுக்கும் மருந்தில்லாத போலி மாத்திரைக்கும் வேறுபாடே தெரியவில்லை. கார்ப்ரோஃபென் பெற்றபோதோ நாய்கள் நன்றாக ஊன்றி நடந்தன.

இங்கே, மணியின் கதையில் வந்த அதே இரண்டு மருந்துகள் தமிழ்நாட்டில் நடத்திய இன்னொரு கதையைச் சொல்லாமல் கடக்க முடியாது. நீலகிரியின் அடிவாரத்தில், முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில், ஆற்றோரத்து நீர்மத்தி மரங்களில் பாறுகள் கூடு கட்டுகின்றன. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் அருவருப்போடு அழைக்கும் பறவைக்குத் தமிழில் உள்ள பழைய பெயர் பாறு என்பதாகும். ஒரு காலத்தில் இந்தியா முழுவதும் கோடிக்கணக்கில் பறந்த பறவை இது. 1990களில் அவை கொத்துக் கொத்தாகச் செத்தன. 2007-க்குள் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்துபோயின. முதலில் ஏதோ தொற்றுநோய் என்று நினைத்தார்கள். செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசியது போல யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததற்கான அடையாளம் அது.

காரணத்தைப் பாகிஸ்தானில் ஆய்வு செய்த ஒரு குழு 2004-இல் வெளியிட்டது: டைக்ளோஃபெனாக். அப்பாவின் சட்டைப் பையில் இருந்த அதே மருந்து. கால் வீங்கிய மாட்டுக்கும் மடி வீங்கிய பசுவுக்கும் அந்த ஊசியைப் போட்டிருக்கிறார்கள். மாட்டுக்கு அதனால் பெரிய கேடில்லை. ஆனால், ஊசி போட்ட மாடு சில நாளில் செத்து, அந்த இறைச்சியைப் பாறு தின்றால், அதில் தங்கிய சிறிதளவு மருந்தே அதன் சிறுநீரகத்தை முடக்கிவிடும். மனிதனுக்கு மருந்து, மாட்டுக்கும் மருந்து, பாறுக்கு நஞ்சு. 2006-இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக் தயாரிப்பை இந்தியா தடை செய்தது. மனிதருக்கான பெரிய ஊசிப் புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போடும் பழக்கம் அதன் பிறகும் தொடரவே, 2015-இல் புட்டியின் அளவு 3 மில்லிலிட்டருக்குள் சுருக்கப்பட்டது. பாறுகளைக் கொல்லும் அசெக்குளோஃபெனாக், கீட்டோபுரோஃபென் ஆகிய வேறு இரண்டு மருந்துகளும் 2023-இல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன.

டைக்ளோஃபெனாக்குக்கு மாற்றாக எதைப் பரிந்துரைத்தார்கள் தெரியுமா? மெலோக்சிகாம்! பாறுகளுக்கே அதைக் கொடுத்துச் சோதித்து, கேடில்லை என்று 2006-இல் உறுதி செய்தார்கள். மணியின் பாட்டிலில் இருந்த மருந்து அதுதான். பாறு இல்லாத ஊர்களில் செத்த மாடுகளைத் தின்று பெருகியவை தெருநாய்கள் என்பதும் இக்கதையின் ஒரு கிளை. வெறிநாய்க்கடியின் கணக்கு அங்கே தொடங்குகிறது. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

மீண்டும் முழங்காலுக்கு வருவோம். இவ்வளவு ஆபத்து இருக்கிறது என்றால், வலி மருந்தே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? நம்மவர் சிலர் இதற்கு ஒரு வாதமும் வைத்திருக்கிறார்கள்: வலி இருந்தால்தான் நாய் அடங்கிக் கிடக்கும், கட்டுப் பிரியாது என்பார்கள். நான் இதை ஏற்கவில்லை. நாயை அடக்கி வைக்க வேண்டியது கூண்டும் கயிறும்; வலி அன்று. வலியில் கிடக்கும் நாய் சாப்பிடாது, தூங்காது. அறுத்த காலை ஊன்றாமல் தூக்கியே வைத்திருக்கும். அதனால் தொடைத் தசை சில வாரங்களில் வற்றிவிடும். உடலின் பாரமும் மறுகாலுக்குப் போகும். அந்தக் கால் ஏற்கெனவே நைந்துகொண்டிருக்கக்கூடியது என்று மேலே பார்த்தோம். மேலும், தொடர்ந்து வலியில் இருக்கும் நரம்புகள் வலிக்குப் பழகிப்போவதில்லை. சிறு தொடுதலையும் பெரிய வலியாகச் சொல்லத் தொடங்கிவிடும். ஆகவேதான் இக்கால மருத்துவர்கள் அறுவைக்கு முன்பே வலி மருந்தைத் தொடங்கி, அறுவை மேசையில் நரம்பை மரக்கச் செய்து, பின்னர் வீட்டுக்கும் சில நாளுக்கு மருந்து கொடுத்தனுப்புகிறார்கள். நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் வளர்ப்பவர் தம் பிராணியை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காக்கக் கடமைப்பட்டவர் என்கிறது.

உண்மையான சங்கடம் வேறு. நாய்க்கு வலிக்கிறதா, எவ்வளவு வலிக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தமிழில் வலியைச் சொல்ல எத்தனை சொற்கள் இருக்கின்றன! குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், பிடிப்பு, விண் விண் என்று தெறித்தல். பாட்டி கிளினிக்குக்குப் போனால் இவற்றில் ஐந்தையாவது பயன்படுத்திவிட்டுத்தான் திரும்புவார். பாதி மருத்துவர்களுக்கு அது புரிவதும் இல்லை. நாயிடம் ஒரு சொல்லும் இல்லை. கூட்டமாக வாழ்ந்த வேட்டை விலங்கின் வழிவந்தது என்பதால், வலியை மறைக்கவும் செய்யும்.

இதற்காக ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் ஓர் அளவுகோலை உருவாக்கியிருக்கிறார்கள். அதன் சுருக்க வடிவம் 2007-இல் வெளிவந்தது. நாய் முனகுகிறதா, காயத்தைத் திரும்பிப் பார்க்கிறதா, நக்குகிறதா, எழுந்து நடக்கும்போது எப்படி இருக்கிறது, காயத்துக்குப் பக்கத்தில் மெல்ல அழுத்தினால் என்ன செய்கிறது, கூனி நிற்கிறதா, அதன் மனநிலை எப்படி இருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவது. மொத்தம் 24, ஆறோ அதற்கு மேலோ வந்தால் வலி மருந்தைக் கூட்டுவது பற்றி மருத்துவர் யோசிக்க வேண்டும். கூட்ட வேண்டியவர் மருத்துவர் என்பதைக் கவனியுங்கள். மணி முனகிய இரவில் நாங்கள் செய்திருக்க வேண்டியது ஒரு தொலைபேசி அழைப்புதான். வேறு வழியில் வேலை செய்யும் மருந்துகள் அவரிடம் இருந்தன. மெலோக்சிகாமோடு சேர்த்துக் கொடுக்கக் கூடியவை. அவற்றில் ஒன்றைத்தான் பின்னர் கொடுத்தார்.

மருந்து கொடுக்கும் நாள்களில் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. சாப்பிட்ட பிறகே மருந்து. சாப்பிடவில்லை, வாந்தி, பேதி, கறுத்த மலம், கண்ணிலோ ஈறிலோ மஞ்சள், வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். “நாளைக்குப் பார்ப்போம்” என்பது இதில் கூடாது. வயதான நாய்க்கு இரத்தச் சோதனை எடுத்த பிறகே இவற்றைத் தொடங்குவார்கள். அந்தச் செலவை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள். இன்னொன்று, இம்மருந்துகளில் சில நாய் விரும்பும் ஈரல் சுவையில் செய்யப்படுகின்றன. மேசையில் வைத்தால் டப்பாவோடு கடித்துத் தின்றுவிடும். ஒரே மூச்சில் ஒரு மாத மருந்து உள்ளே போன நாய்களின் கதை கால்நடை மருத்துவர்களிடம் நிறைய இருக்கிறது.

மணி நான்கு நாள் கிளினிக்கில் கிடந்தான். நரம்பு வழியாக உப்பு நீர் ஏற்றினார்கள், இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் புண்ணின்மேல் படலமாகப் படியும் மருந்தும் கொடுத்தார்கள். சிறுநீரகம் தப்பித்தது என்று மூன்றாம் நாள் இரத்தச் சோதனையில் தெரிந்தது. அப்பா தினமும் வேலை முடிந்து நேரே அங்கே போய், கூண்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருவார். வீட்டில் யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முழங்கால் தேறியது. மூன்றாம் மாதம் மணி நான்கு காலிலும் ஓடினான். ஆனால், நார் அறுந்த மூட்டு அறுவைக்குப் பிறகும் மெல்ல மெல்லத் தேயும். மழைக் காலத்தில் அவன் காலையில் எழும்போது சற்று நொண்டுவதுண்டு. புண் முழுவதும் ஆறி, மறுபடி இரத்தம் சோதித்த பிறகு, அந்த நாள்களுக்கு மட்டும் மெலோக்சிகாமை மருத்துவர் மீண்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்பாவின் மாத்திரைகள் இப்போது பூட்டுப் போட்ட பிஸ்கட் தகரத்தில் இருக்கின்றன. மணியின் மருந்தை வேறு யாரும் தொட அவர் விடுவதில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஊசிக்குழலை விளக்குக்கு நேரே பிடித்து, 14 என்ற கோட்டை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்ப்பார். பிறகு என்னையும் கூப்பிடுவார்: “இங்க வந்து நீயும் ஒரு தடவ பாரு. சரியா இருக்கா?”